வெல்வெட் பெட்டியில் அம்புமுனை

பிளெய்ன்ஸ்பரோ பக்கத்தில் மான் என்பது அதிசயம் ஒன்றும் இல்லை. தோட்டத்துத் தக்காளியைத் தின்னும், பூச்செடியை மொட்டையடிக்கும், குப்பை வண்டி வருகிற நாளில் டிரைவ்வேயில் நின்றுகொண்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும். ஹாரன் அடித்தால் போனால் போகிறது என்று நகரும். இப்படிப்பட்ட ஒரு மானை வேட்டையாடுவதற்குத்தான் பக்கீர் முகம்மது மூன்று மாதமாக அம்புமுனை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேசை முழுவதும் முனைகள். இரண்டு அலகு உள்ளது, மூன்று அலகு உள்ளது, பட்டால் குடை மாதிரி விரிவது, திருகாணி வைத்தது, பசை போட்டு ஒட்டுவது. பிராட்ஹெட் என்பார்கள் இவற்றை. வீட்டில் இருப்பவர்கள் சாப்பாட்டை அடுப்படிக் கவுண்டருக்கு மாற்றி ஆகஸ்டிலேயே பழகிப்போனார்கள். மருந்துக் கம்பெனியில் டைரக்டராக இருப்பவர், எதை வாங்கினாலும் எக்ஸெல் ஷீட் போடாமல் வாங்கமாட்டார். வாஷிங் மெஷினுக்கே ஷீட்டில் பதினான்கு பத்தி பிரித்தவர், தன் பரம்பரை ஆயுதத்துக்குப் பிரிக்காமல் இருப்பாரா?

பரம்பரை என்பது இந்த வருஷம் முளைத்தது. ராவுத்தர் என்றால் குதிரைவீரர் என்று எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து உத்தமபாளையத்தில் வெற்றிலை மொத்த வியாபாரம் செய்த அவருடைய அத்தா, பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரை ஏறத் தொடங்கினார். அத்தா உயிரோடு இருந்தவரை சைக்கிளில்கூட கேரியரில்தான் உட்கார்ந்து போனார் என்பது அவர் மனைவி ஷரீபாவுக்குத் தெரியும். அவள் மாமனாரைப் பற்றி எதுவும் பேசமாட்டாள்.

"பாய், எல்லாம் ஒண்ணு மாதிரிதான இருக்கு?" என்றான் ஃபைஸ். தமிழ் முஸ்லிம் சங்கத்தின் செயலாளர். இந்த வீட்டில் நடக்கவிருந்த தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பட்டியல் எழுத வந்தவனை உட்கார வைத்துவிட்டார் பக்கீர்.

"அப்படி சொல்லாத ஃபைஸ். இதுல தான் மேட்டரே. ஒரு பிராணி அடிபட்டுச் செத்தா ஆகாது. கல்லு விழுந்து செத்தது, மோதிச் செத்தது, எதுவும் ஆகாது. பிஸ்மி சொல்லி அம்பு விடணும், முனை வெட்டணும், ரத்தம் ஓடணும். அப்பதான் ஹலால். அதனால முனை சூஸ் பண்றதுன்னா வெறும் ஹாபி இல்ல, அமல். மார்க்கக் காரியம்."

"துப்பாக்கி ஈஸியில்ல பாய்?"

"துப்பாக்கி எவன் வேணா தூக்குவான்." பக்கீர் கண்ணை மூடித் திறந்தார். "கையால வளைச்ச வில்லு. காம்பவுண்ட் இல்ல, புல்லி இல்ல, சைட் இல்ல. டிரெடிஷனல்."

வில் சோபாவில் சாய்ந்திருந்தது. ஐம்பத்தைந்து பவுண்டு இழுவிசை என்று அதன் மேல் எழுதியிருந்தது. வில் கடையில், எவ்வளவு இழுப்பீர்கள் என்று கேட்டபோதும் எழுதியிருந்ததைத்தான் சொன்னார். உண்மையில் நாண் அவர் மார்பு வரை வரும், அங்கே நின்று நடுங்கும், பிறகு தானாகவே கிளம்பிவிடும். அரைகுறையாக இழுக்கிறவர்களுக்கு ஒல்லியான இரண்டு அலகு முனைதான் உள்ளே இறங்கும் என்று கடைக்காரர் பொதுவாகச் சொன்னார், இணையத்தில் எல்லோரும் சொன்னார்கள், அவருடைய எக்ஸெல் ஷீட்டும் சொன்னது. ஆனால் அந்த ஒல்லி முனை பார்க்க மரவள்ளிக்கிழங்குத் தோல் சீவுகிற கத்தி மாதிரி இருந்தது. மூன்று அலகு அகல முனையோ அரண்மனையிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. பக்கீர் ஷீட்டில் "பிரெசென்ஸ்" என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தார். அகல முனை முதலிடத்துக்கு வந்தது.

அதோடு விடவில்லை. மாலில் கல்யாணப் பரிசுக்குப் பெயர் பொறிக்கிற கடையில் கொடுத்து, ஒவ்வொரு அலகின் ஓரத்திலும் ஆங்கிலத்தில் ராவுத்தர் என்று பொறித்து வாங்கினார். நீல வெல்வெட் பெட்டி தனிச் செலவு.

ஷரீபா டீ கொண்டுவந்து வைத்தாள். பெட்டியிலிருந்து ஒரு முனையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு கவுண்டரில் கிடந்த தக்காளியில் வைத்து இழுத்தாள். தக்காளி வெட்டுப்படவில்லை. நசுங்கி விதையைத் துப்பியது.

"என்னங்க, இதுக்கு சாணை புடிக்கலையா?"

"ஏய், அத ஏன் எடுத்த? அது தக்காளிக்கா செஞ்சாங்க?"

"தக்காளியே அறுபடல, மானு எப்படி அறுபடும்?"

"அரம் போட்டா ஓரத்துல இருக்கிற பேரு போயிடும்," என்றார் பக்கீர். சொன்ன பிறகு அது அவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை என்று தோன்றியது. "ஃபேக்டரி ஷார்ப்னஸ் இருக்கு. ஸ்பீடுல போறப்ப வேற மாதிரி வொர்க் ஆகும். ஃபிசிக்ஸ்."

ஃபைஸ் விருந்துப் பட்டியலில் பக்கீர் பெயருக்கு நேராக 'மான் பிரியாணி, முழு சங்கத்துக்கும்' என்று எழுதிக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே குரூப்பில் செய்தி வந்துவிட்டது. முப்பத்தெட்டு பேர் மாஷா அல்லாஹ் போட்டிருந்தார்கள்.

விருந்துக்கு முந்தைய சனிக்கிழமை. கிரான்பரி ஊர் ஓரத்துப் பண்ணை ஒன்றில், பூசணிக் கொடியை மான் தின்று தீர்க்கிறது என்று சலித்துப்போன விவசாயி, தாராளமாக வாருங்கள் என்று சொல்லியிருந்தார். ஷரீபா மதியம் வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மகள் அஸ்ஃபியாவை கிளாரினெட் வகுப்புக்கு அழைத்துப் போனாள். இருட்டும் முன் வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு.

இலையெல்லாம் கொட்டி முடிந்த காடு. காலையில் பெய்த மழையில் தரை ஊறி, மிதித்தால் பழைய பாய் மாதிரி பொதபொதவென்று இருந்தது. பக்கீர் மடக்கு நாற்காலியில் ஒரு தேவதாரு மறைவில் உட்கார்ந்தார். பிளாஸ்க்கில் இஞ்சி டீ. தெர்மல் போட்டும் முழங்கால் வலித்தது. அறுவடை முடிந்த வயலில் அழுகின பூசணியின் வாடை வந்தது. மூன்று மணி நேரம் அணிலைத் தவிர எதுவும் வரவில்லை.

வந்தபோது சும்மா வந்தது. ஒரு பெண் மான், பூசணித் தோலை முகர்ந்துகொண்டே, அவர் வீட்டு டிரைவ்வேயில் வருகிற மாதிரியே வந்தது. பதினைந்து கஜம்கூட இருக்காது. பக்கீர் எழுந்து நின்றார். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சுத்தமாகச் சொன்னார். அதில் ஒரு குறையும் இல்லை. நாணை இழுத்தார். அது மார்பு வரை வந்தது, நின்று நடுங்கியது, கிளம்பியது.

ஈரச் சாக்கு மூட்டையைக் கம்பால் தட்டினால் எப்படிக் கேட்கும், அப்படிக் கேட்டது. மான் ஒரு துள்ளுத் துள்ளியது. அம்பு தோளில் இரண்டு நொடி தொங்கி, கீழே விழுந்தது. மான் மரங்களுக்குள் புகுந்து ரோட்டுப் பக்கம் ஓடியது.

அவர் அம்பை எடுத்துப் பார்த்தார். முனையின் நுனி வளைந்திருந்தது. நகக்கண் அளவு ரத்தம். எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பளிச்சென்று இருந்தது.

அப்போதுதான் பிரேக் கிறீச்சிட்டது. பிறகு ஒரு மொத்தல்.

பண்ணை ரோட்டில் அவர்கள் வீட்டு ஒடிசி வேன் இரண்டு பக்க விளக்கும் மின்ன நின்றிருந்தது. முன் பம்பர் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. ஷரீபா கதவைப் பிடித்தபடி நெஞ்சில் கையை வைத்து நின்றாள். அஸ்ஃபியாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. மான் ஓரத்துப் பள்ளத்தில் கழுத்து திரும்பிக் கிடந்தது. பக்கீர் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். உயிர் இருந்தால் அறுத்துவிடலாம், அறுத்தால் சரியாகிவிடும். மண்டியிட்டு மூக்கில் கை வைத்தார், வயிற்றில் வைத்தார், கண்ணைத் தொட்டார். கண் இமைக்கவில்லை.

"மௌத்தாயிடுச்சா?" என்றாள் ஷரீபா.

அவர் கத்தியை உறையில் போட்டார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஒண்ணுமில்ல. எங்கேந்து வந்துச்சுனே தெரியல. பாவம்ங்க." அவள் குனிந்து தோளைப் பார்த்தாள். தோல் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. "இது உங்களுதா?"

"ஆமா. நல்ல ஹிட்."

"இதுவா?"

"உள்ள டேமேஜ் வெளிய தெரியாது ஷரீபா." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ரோட்டில் யாரும் இல்லை. "டெயில்கேட்ட தொற. தார்ப்பாய் இருக்குல்ல?"

"எதுக்கு?"

"வியாழக்கிழமை நாப்பது பேரு வர்றாங்க."

அவள் அவரையே பார்த்தாள். "உங்க வாயால சொன்னது தான? மோதிச் செத்தது ஆகாதுனு ஃபைஸ உக்கார வச்சு கிளாஸ் எடுத்தீங்க."

"நான் பிஸ்மி சொல்லி அம்பு விட்டேன். அம்பு பட்டுச்சு. ரத்தம் வந்துச்சு. அது எப்படியும் போயிருக்கும். வேன் சும்மா நடுவுல வந்துச்சு, அவ்ளோதான். காரணம் அம்பு. வேன் ஒரு சாட்சி மாதிரி."

"சாட்சிக்கு பம்பர் இப்படியா போகும்?"

"ஷரீபா. குரூப்ல போட்டாச்சு."

அவள் பின்கதவைத் திறந்தாள். இருவரும் காலைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். மானின் தலை படியில் இடித்தபோது அவள் மட்டும் "மெல்ல, மெல்ல" என்றாள்.

கராஜில் அவரே வீடியோ பார்த்துப் பார்த்து அறுத்தார். கறி கறுப்புப் பைகளில் கராஜ் ஃப்ரீசருக்குள் போனது. பைகளை அடுக்கும்போது ஷரீபா, "இன்னும் லேட் ஆகல. கிடைக்கலன்னு சொல்லிடலாம். வேட்டைன்னா எல்லா நேரமுமா கிடைக்கும்?" என்றாள்.

"சமைக்கிறத மட்டும் நீ பாரு."

"சரி," என்றாள்.

அந்தச் சரியை அவர் அப்போது யோசிக்கவில்லை.

தேங்க்ஸ்கிவிங் அன்று காலை பசியாறக்கூட நேரமில்லாமல் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கீர் மட்டும் நின்றபடியே ஆறு இடியாப்பம் சாப்பிட்டார். தேங்காய்ப்பால் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தது அஸ்ஃபியா. பதினாறு வயது. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

மதியம் வீடு நிறைந்துவிட்டது. வாசலில் செருப்பு மலை. சிக்கந்தர் அங்கிள் உள்ளே வரும்போதே, "என்ன தம்பி, வண்டி பம்பர் வாயப் பொளந்து கெடக்கு?" என்றார். சங்கத்தில் மூத்தவர், எதையும் விடமாட்டார்.

"ஷரீபா தான் அங்கிள். கடை பார்க்கிங்ல ஷாப்பிங் கார்ட்டுல இடிச்சுட்டா. லேடீஸ் டிரைவிங்." பக்கீர் சிரித்தார். ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஷரீபா வெங்காயத் தயிரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் போனாள். நிற்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் வெல்வெட் பெட்டி சுற்றுக்கு வந்தது. வளைந்த முனையை அவர் முந்தின நாளே தனியாக எடுத்துவைத்துவிட்டார். மீதி முனைகள் கையிலிருந்து கைக்குப் போயின.

"ஒரே ஷாட்டா பாய்?" என்றான் ஃபைஸ்.

"ஒரே ஷாட்."

"எவ்ளோ தூரம் ஓடுச்சு?"

"ரோடு வரைக்கும்," என்றார் பக்கீர். அது உண்மைதான். விருந்தாளிகள் வந்ததிலிருந்து அவர் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

சங்கத்து விருந்து என்றால் சஹன்தான். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நான்கு நான்கு பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் கொண்டுவந்த வழக்கம், எல்லோருக்கும் பிடித்துப்போனது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் யார் சாப்பிட்டார்கள், யார் கிளறிவிட்டு எழுந்தார்கள் என்று தெரியாது. சஹனில் ஒளிய முடியாது. நான்கு கைகளில் ஒரு கை வராவிட்டால் ஒரு பக்கத்துச் சோறு அப்படியே மதில் மாதிரி நிற்கும்.

இதை பக்கீர் யோசித்திருக்கவில்லை. எக்ஸெல் ஷீட்டில் இதற்குப் பத்தி இல்லை.

அவருடைய சஹனில் சிக்கந்தர் அங்கிள், ஃபைஸ், இன்னொருவர். கறித்துண்டுகள் மேலே பளபளவென்று உட்கார்ந்திருந்தன. சிக்கந்தர் அங்கிள் பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக் கையை வைத்தார். பக்கீருக்குக் கை எழவில்லை. பள்ளத்தில் திரும்பிக் கிடந்த கழுத்து ஞாபகம் வந்தது. அங்கிள், அது வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அங்கிள் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டார்.

"எடுங்க தம்பி. வேட்டைக்காரர் மொதல்ல எடுக்க வேணாமா?"

எல்லாச் சஹனிலிருந்தும் முகங்கள் திரும்பின.

"இல்ல அங்கிள்," என்றார் பக்கீர். நாக்கு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. "இன்னிக்கு வியாழக்கிழமை. நபி வழக்கப்படி சுன்னத்தான நோன்பு வச்சிருக்கேன். வெளிய சொல்ல வேணாம்னு பாத்தேன்."

முழு ஹாலும் மாஷா அல்லாஹ் என்றது.

"ஊருக்கெல்லாம் ஊட்டிட்டு தான் மட்டும் நோன்பு!" சிக்கந்தர் அங்கிள் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். "பாத்துக்கங்கப்பா. இது தான் ஆளு."

பெண்கள் உட்கார்ந்திருந்த அறையின் வாசலில் அஸ்ஃபியா தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். அவள் எதையாவது சொல்லிவிடுவாளோ என்று அவர் பயந்தார். "வாவ், டாட்," என்று மட்டும் சொன்னாள், மெதுவாக, அவருக்குக் கேட்கிற அளவுக்கு. ஜாடியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"பாய், ஊர் ஆட்டுக்கறி மாதிரியே சாஃப்டா இருக்கு," என்றான் ஃபைஸ், எலும்பை உறிஞ்சிக்கொண்டு.

"அது ஷார்ப்னஸ்," என்றார் பக்கீர். அவருடைய வாய் அவருடைய அனுமதி இல்லாமலே வேலை செய்துகொண்டிருந்தது. "பிராணிக்கு டென்ஷன் இல்லாம போனா கறி அப்படித்தான் இருக்கும்."

ஒவ்வொரு கவளத்தையும் அவர் பார்த்தார். ஃபைஸுக்கு மறுசோறு வைத்தார்கள். அங்கிள் எலும்பு மஜ்ஜையைத் தட்டி எடுத்தார். நம்பி வந்து உட்கார்ந்தவர்கள். ஒரு கறிக்கடையின் ஹலால் போர்டை மட்டும் நம்பாமல் நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறவர்கள். இங்கே யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

எல்லோரும் கை கழுவி, ஆண்கள் கேரம் போர்டுக்கும் டிவி ஃபுட்பாலுக்கும் பிரிந்த பிறகு பக்கீர் அடுப்படிக்குப் போனார். ஷரீபா தாம்பாளங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நோன்பாளிக்கு கிச்சன்ல என்ன வேலை?" என்றாள் திரும்பாமல்.

"ஷரீபா, தப்பு பண்ணிட்டோம்."

"பண்ணிட்டோமா?"

"பண்ணிட்டேன். எல்லாரும் தின்னுட்டாங்க. இப்ப சொன்னா என்ன ஆகும்? அங்கிள் எலும்பக்கூட விடல."

அவள் குழாயை மூடினாள். "அவரு தின்னது ஆடு."

"என்ன?"

"ஆடு. செவ்வாக்கிழமை குப்பை வண்டில உங்க பையெல்லாம் போயிடுச்சு. ஃபுல்லா ரெண்டு ஆடு வாங்கி வெட்டி அதே மாதிரி கறுப்புப் பையில போட்டு வச்சேன். நீங்க தொறந்துகூட பாக்கல. மத்தவங்க புள்ளைங்களுக்கு அத ஆக்கிப்போட எனக்கு கை வருமா?"

பக்கீர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்றார், மனசார. உடனே பசித்தது. வெட்கமே இல்லாமல் பசித்தது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நானும் உக்காந்து..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினார்.

"சொல்லுங்க," என்றாள் ஷரீபா. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "காலைலயே சொல்லலாம்னு தான் இருந்தேன். கடைசி நிமிஷத்துல நீங்களே எந்திரிச்சு வேணாம்னு சொல்லுவீங்க, அப்புறம் சொல்லிக்கலாம்னு வெயிட் பண்ணேன். நாப்பது பேரு வாய்க்குள்ள போலாம். உங்க வாய்க்கு மட்டும் ஆகாது. அப்படித்தானே?"

சட்டியின் அடியில் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது. அதன் வாசனை வந்துகொண்டே இருந்தது.

"இப்ப திங்கவும் முடியாது," என்றாள் அவள், குழாயைத் திறந்துகொண்டே. "நோன்பு."

நவம்பர் கடைசியில் சூரியன் சீக்கிரமே போய்விடும். கிளம்பலாம் என்று எழுந்தவர்களை சிக்கந்தர் அங்கிள் உட்கார வைத்தார். "நோன்பாளிய தனியா விட்டுட்டுப் போறதா? திறக்க வச்சுட்டுப் போவோம்." ஃபைஸின் மனைவி ஆஸிபா யாரும் கேட்காமலே இன்ஸ்டன்ட் பாட் குக்கரில் நோன்புக் கஞ்சி வைத்துவிட்டாள். வெந்தயமும் பூண்டும் போட்டு, பக்கீருக்காகவே, ஒரு பெரிய கிண்ணம் நிறைய.

ஹாலில் விரிப்பு போட்டார்கள். நடுவில் பக்கீர். முன்னால் பேரீச்சம்பழம், கஞ்சி, தண்ணீர். சுற்றி நாற்பது பேர். மாடிப்படியில் அஸ்ஃபியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"திறக்குற நேரத்துல நோன்பாளி கேக்குற துஆவுக்கு தனி மதிப்பு," என்றார் அங்கிள். "எல்லாருக்கும் சேத்து கேளுங்க தம்பி. எனக்கு வர்ற மாசம் பைபாஸ் இருக்கு."

"பாய், எங்களுக்கும்," என்றாள் ஆஸிபா. மற்ற நேரம் அவள் ஆண்கள் நடுவில் அவ்வளவாகப் பேசமாட்டாள். "இவங்க எச்-ஒன் விசா எக்ஸ்டென்ஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. மார்ச்சுக்குள்ள நாட்ட விட்டு போகணும். நீங்க கேட்டா..." அவள் கண்ணைத் துடைத்தாள். ஃபைஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் பாங்கு ஒலித்தது. பக்கீரின் கையில் பேரீச்சம்பழம் இருந்தது. எல்லோரும் கையை ஏந்தியிருந்தார்கள். அவர் ஏந்தினால் போதும், ஆமீன் சொல்லத் தயாராக இருந்தார்கள்.

அவர் பழத்தைத் தட்டில் வைத்தார்.

"நான் நோன்பு இல்ல," என்றார்.

சிக்கந்தர் அங்கிள் சிரித்தார். "பாத்தீங்களா? பெருமை வந்துடக்கூடாதுனு மறைக்கிறாரு!" கூட்டத்தில் இன்னொரு மாஷா அல்லாஹ் எழுந்தது. முந்தினதைவிடப் பெரியது.

"இல்ல அங்கிள். நெஜமா இல்ல. காலைல ஆறு இடியாப்பம் தின்னேன். தேங்காய்ப்பாலோட."

ஏந்திய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிலருக்கு அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கஞ்சியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"அப்ப," என்றாள் ஆஸிபா. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அப்ப மத்தியானம் ஏன் பாய் சாப்பிடல?"

அடுப்படியில் ஷரீபா குழாயை மூடினாள். பக்கீர் முகம்மது அலமாரியில் இருந்த வெல்வெட் பெட்டியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், அங்கிளின் இன்னும் பாதி சிரிப்பு இருந்த முகத்தைப் பார்த்தார்.

"வேன் பம்பர் இருக்குல்ல அங்கிள்," என்று ஆரம்பித்தார். "அது கார்ட்டுல இடிக்கல."